போத்தலின் அடியில் உறைந்திருந்த தேன்

சுப்புக்குட்டி,

மீசை வைத்த ஆளை இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கடிதத்தைப் பாதி படித்துவிட்டு மடித்து வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு என்பதால், சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தோட்டத்து மருந்துக் காம்பராவில், சீனி வியாதி பார்க்கிற நீலத் தண்ணீர் செங்கல் நிறமாக மாறியதைப் பார்த்துத்தானே இந்த வீட்டையும், பேசி முடித்த பெண்ணையும் விட்டுவிட்டு ரயிலேறினாய்? அந்தச் சிவப்பை நம்ப முடியாது. நீ கொண்டுபோன போத்தலில் தேன் இருந்தது. உன் மாமா கொண்டுவந்த தேன் அடியில் கல்லாக உறைந்து கிடந்திருக்கிறது. ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எப்படித் தெரிந்தது என்பதை முழுவதும் எழுதுகிறேன். உன்னோடு அறையில் தங்கியிருக்கிற பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும். உன்னைப் பார்த்து அவர்களும் வாழைப்பழத்துக்குப் பயப்படத் தொடங்கியிருக்கிறார்களாம்.

நீ இருக்கிற இடத்தைச் சொன்னவர் காதர் நானா. அட்டன் கடைத்தெருவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி விடுகிறாரே, அவர்தான். புறக்கோட்டையில் மூட்டை இறக்கப் போனவர் அங்கே உன்னைக் கண்டிருக்கிறார். திரும்பி வந்ததும் லொறியை ரோட்டில் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க நம் லயத்து வரிசை வீட்டுக்கு ஏறி வந்தார். “தங்கச்சி, ஒங்க மவன் ஆளே பாதியாப் போயிட்டான். கதலிப்பழம் ஒண்ணு நீட்டினேன், பாம்பக் கண்ட மாதிரிப் பின்னால போறான். சோத்தக் கையளவு போட்டுக்கிட்டு பாவக்காய அவிச்சுத் திங்கிறான். என்னடா கோலம்னா, ‘அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சு நானா’ங்கிறான். அன்னைக்கு மூட்டையோட கண்ணு இருட்டி உக்காந்துட்டானாம்” என்றார். கொடுத்த தேத்தண்ணியை அவர் குடித்து முடிப்பதற்குள் உன் தாகத்தையும் கைகாலையும் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். அவர் இறங்கிப் போனபிறகு அழுதேன். உன் அப்பாவுக்காக அழுது ஓய்ந்தாகிவிட்டது, இனி அழுவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். கண்ணீர் அப்படிக் கணக்காக வருகிறதில்லை.

உன் அப்பா போய் ஒரு தீபாவளி வந்து போய்விட்டது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையில் கத்தி பட்டுக் காலில் ஒரு கீறல். எத்தனையோ கீறல் பட்ட கால் அது, ஒவ்வொன்றும் புகையிலைச் சாற்றோடு ஆறியது. இது மட்டும் ஆறவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். நல்ல உடம்பு நூலாக இளைத்தது. ஆஸ்பத்திரிக்கு நீதானே தோளில் தாங்கிக்கொண்டு போனாய்? கண்ணாடிக் குழலில் நீலத் தண்ணீரை ஊற்றி, அப்பாவின் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நெருப்பில் காட்டினார்கள் என்றும், அது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் மாதிரிச் சிவந்துவிட்டது என்றும் நீதான் வந்து சொன்னாய். அந்த நிறம் அன்றைக்கே உன் கண்ணில் ஒட்டிக்கொண்டது. பிறகு சாவு வீட்டில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். உன் அப்பா தேத்தண்ணிக் கோப்பையில் சீனி போடமாட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பார். இந்த லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் குடிக்கிறார்கள். ஆனாலும், “உள்ளங்கைச் சீனிய நக்கி நக்கியே போய்ச் சேந்துட்டான்” என்று அடுத்த காம்பரா ராமாயி சொன்னாள். நீ பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தாய். கத்தியை நிறுத்திவிட்டு நீ தலை தூக்கியதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் உனக்கும் அஞ்சலைக்கும் பேச்சு முடிந்தது. என் கூடப் பிறந்த அண்ணன் மகள். நீ வேட்டி கட்டுவதற்கு முன்னாலேயே ஊர் பேசி முடித்த பேச்சு அது. பந்தல்கால் ஊன்ற நாள் பார்க்கப் போகிற நேரத்தில் நீ, “ஒருக்காப் பரிசோதிச்சிட்டு வந்துர்றேன்மா. ஒரு பொண்ணக் கூட்டியாந்து அவ கண்ணு முன்னால அப்பா மாதிரிக் கெடக்கக் கூடாது” என்றாய். நல்ல பிள்ளை செய்கிற யோசனைதான். தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் போகிறவன் போத்தலைத் தன் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது தெரிந்ததுதானே. நம் மருந்துப் போத்தலை ராமாயி இருமல் மருந்துக்கு வாங்கிப் போயிருந்தாள். தட்டில் இருந்தது மாமாவின் போத்தல். அப்பாவின் கருமாதிக்கு அவர் காட்டுத் தேன் கொண்டுவந்த கறுப்புச் சாராயப் போத்தல். தேனெல்லாம் வடித்தாகிவிட்டது, காலிப் போத்தல் என்றுதான் நானும் நினைத்தேன், நீயும் நினைத்தாய். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் பிடித்து நன்றாகத்தான் கழுவினாய். குலுக்கி ஊற்றினதை நானே பார்த்தேன். அந்தக் குளிரில் பீலித் தண்ணீர் கையை வெட்டும். அப்படிப்பட்ட தண்ணீரில் உறைந்த தேன் எங்கே கரையப் போகிறது? கறுப்புக் கண்ணாடிக்குள் அது தெரியவும் இல்லை. உடம்புச் சூட்டோடு விழுந்த நீரில்தான் கரைந்திருக்கிறது. கீழ்நாட்டில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அங்கே தேன் தண்ணீராகவே இருக்கும், ஒரு அலசலில் போயிருக்கும்.

நீ திரும்பி வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தாய். “என்னய்யா?” என்று கேட்டேன். “அப்பா மாதிரியே செவந்திருச்சும்மா” என்றாய். போத்தலைச் சாக்கடைக் கான் பக்கம் எறிந்துவிட்டு, மாமா வீடு இருக்கிற கீழ்க்கணக்குக்கு இறங்கிப் போய், “மாமா, அஞ்சலைக்கு வேற எடம் பாருங்க” என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தாயாம். அண்ணன் உன் பின்னாலேயே ஏறி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் நீ பெட்டியைத் தூக்கிவிட்டாய். மறுநாள் வெயிலில் அந்தப் போத்தல் வாயில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கியது. சீனி வியாதிக்காரன் நீருக்கு எறும்பு வரும் என்பார்களே, அதுதான் இது என்று நினைத்தேன். அந்தப் போத்தலைக் கழுவவும் மனம் வரவில்லை, தூக்கி எறியவும் மனம் வரவில்லை. கூரை இடுக்கில் செருகி வைத்தேன்.

நீ போன பிறகு அஞ்சலையைக் கேட்டு அக்கரப்பத்தனையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நல்ல குடும்பம். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாள். அவள் அம்மா என்னிடம் வந்து, “மதினி, ஒங்க மவன் வேணாம்னுட்டுப் போயிட்டான். இவ வாயத் தொறக்க மாட்டேங்கிறா. நான் யாரப் போய் முட்டிக்கிறது?” என்று கேட்டாள்.

காதர் நானா வந்து போன சேதி கேட்டு அன்று மாலையே அண்ணனும் அஞ்சலையும் வந்தார்கள். அண்ணன் வழக்கம்போலத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அஞ்சலை எனக்குக் கஞ்சி வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனவள், மண்ணெண்ணெய் ஊற்றப் போத்தல் தேடிக் கூரை இடுக்கில் கை விட்டாள். “அத எடுக்காத ஆயி, அது அவன் போத்தல்” என்றேன். அவள் எடுத்துவிட்டாள். போத்தல் கழுத்தில் கட்டியிருந்த சிவப்பு நூலைத் தடவிப் பார்த்தாள்.

“அத்தை, இது மச்சான் போத்தல் இல்ல. எங்க வீட்டுப் போத்தல். அப்பா தேன் கொண்டாந்தப்ப தொங்கவிட்டுத் தூக்க நான்தான் நூல் கட்டினேன்.”

“ஆமா, கருமாதித் தேன் போத்தல்தான். அதுக்கு என்ன இப்ப?”

“இதுலயா அன்னைக்குக் கொண்டுபோனாங்க?” என்று கேட்டாள். கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. அடுப்பு வெளிச்சத்தில் போத்தலைச் சாய்த்துக் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒரு குச்சியை விட்டுச் சுரண்டினாள். குச்சி நுனியில் வெள்ளையாக மணல் மாதிரி வந்தது. கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கினாள். காம்பரா முழுவதும் தேன் வாசனை! இத்தனை மாதம் வெறும் போத்தல் என்று தலைக்கு மேலே வைத்திருந்தேன்.

அண்ணன் எழுந்து வந்து, “உண்மையாத் தேன்தானான்னு நாக்குல வச்சுப் பாத்தாத்தானே தெரியும்” என்று விரலை நீட்டினார். “அப்பா! அதுல அன்னைக்கு மச்சான் என்னத்தப் பிடிச்சாங்கன்னு மறந்துட்டீங்களா?” என்று அஞ்சலை கத்தினாள். அண்ணன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிக்கத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. பிறகு அது அழுகையாக மாறியது. அஞ்சலை என் முதுகைத் தடவிக்கொண்டு, “அழுவுங்க அத்தை, ஆனா காலையில என்னோட மருந்துக் காம்பராவுக்கு வாங்க” என்றாள்.

வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் அரை நாள் லீவு கேட்டு மூன்று பேரும் போனோம். யாழ்ப்பாணத்து மருந்தையா நல்லவர்தான், ஆனால் சத்தம் போடுகிறவர் என்று பயமாக இருந்தது. அஞ்சலை சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சத்தம் போடவில்லை. நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டார். “நான் போத்தலைப் பாத்திருக்க வேணும். ஆள் நல்ல உடம்போடை நிண்டவன். ஆனா தேப்பனுக்கு இருந்தது தெரிஞ்சபடியால் நானும் சிவப்பைக் கண்டு நம்பிப்போனன்” என்றார். பிறகு, “இப்பவே செய்து பாப்பம்” என்று ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினார். அண்ணன் வீட்டில் அதே தேன் உறைந்த இன்னொரு போத்தல் இருந்தது, அதையும் கொண்டுபோயிருந்தோம். ஐயா அதைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டு, திரைக்குப் பின்னால் போய்த் தன் நீரையே அதிலும் ஒரு நல்ல போத்தலிலும் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு குழலில் நல்ல போத்தலில் பிடித்தது, இன்னொன்றில் தேன் போத்தலில் பிடித்தது. முதல் குழல் நீலமாகவே நின்றது. இரண்டாவது பச்சையாகி, மஞ்சளாகி, நீ சொன்னாயே அந்தச் செங்கல் நிறத்துக்கு வந்தது. ஐயா குழலைத் தூக்கிப் பிடித்து, “இஞ்ச பாருங்கோ, எனக்கும் இனி ஆரும் பொம்பிளை தரமாட்டினம்” என்றார். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அண்ணனுக்கு மனம் கேட்கவில்லை. “ஐயா, தேன் சாமி குடுத்தது. சீனிதான் வெள்ளைக்காரன் கொண்டாந்தது. சீனி செவக்கும், தேன் எப்பிடிச் செவக்கும்?” என்று நின்றார். “சாமி குடுத்ததுதான் சிவந்து நிக்குது. இப்ப வெள்ளைக்காரன்ரை சீனியையும் பாப்பம்” என்று ஐயா தன் மேசையில் இருந்த சீனியைத் தண்ணீரில் கரைத்து நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சினார். சுப்பு, அது சிவக்கவில்லை! அப்படியே நீலம். கித்துள் மரத்துப் பாணிப் பாகும் கொஞ்சம் வைத்திருந்தார், அது ஒரு மாதிரிக் கலங்கிப் பச்சையாக நின்றது. அஞ்சலை வாயைப் பிளந்துகொண்டு, “அப்ப சீனியில சீனி இல்லையாய்யா?” என்று கேட்டாள். ஐயா சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். சீனி என்று ஒன்று இல்லையாம், பல சீனி இருக்கிறதாம். வெள்ளைச் சீனி என்பது இரண்டு சீனி கை கோத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. கோத்த கையை விடாதவரை நீலத் தண்ணீருக்கு அது கண்ணுக்குப் படாது. தேனில் அந்த இரண்டையும் தேனீயே பிரித்துப் போட்டுவிடுகிறது, அதனால் தேன் உடனே பிடிபடுகிறது. பாலிலும் ஒரு சீனி இருக்கிறதாம், அதுவும் பிடிபடுமாம். “வயித்துக்குள்ளை போனா வெள்ளைச் சீனியும் பிரிஞ்சுபோம். ஒரு பாதி நேரை ரத்தத்திலை ஏறும். மற்றப் பாதி ஈரலுக்குப் போய் அங்கை உருமாறும். தேனும் அதே கதைதான். சோறும் ரொட்டியும் கடைசியிலை சீனிதான், ஆனா அது நீளச் சங்கிலி. கண்ணி கண்ணியாக் கழரும். விளங்குதோ?” என்றார். பாதிதான் விளங்கியது. “சொகமா இருக்கிற ஆளுக்கு இதெல்லாம் என்னய்யா செய்யும்?” என்று கேட்டேன். அதற்கு அவர், “சுகமான உடம்பு எந்தச் சீனி வந்தாலும் வாங்கி வைக்கும். கொஞ்சத்தை அப்பவே எரிக்கும், கொஞ்சத்தை ஈரலிலையும் சதையிலையும் சேமிக்கும், மிஞ்சினதைக் கொழுப்பாக்கும். வெளியிலை விடாது. நான் காலமையே இனிக்க இனிக்கத் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்தனான். என்ரை குழல் நீலமாத்தானே நிண்டது?” என்றார்.

வீட்டுக்கு வந்து இதை நான் நம் வேலையோடு வைத்து யோசித்துப் பார்த்தேன். நாங்கள் கொழுந்தைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் தேயிலை ஆலையான இஸ்டோரில் தட்டுத் தட்டாகப் பரப்பி வாட்டுகிறார்கள். கொழுந்து காலத்தில் எல்லா மலையும் ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் அவர்களுக்கு மூச்சு முட்டும், இருந்தாலும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். அதுதான் சுகமான உடம்பு. உன் அப்பாவின் உடம்பில், கொழுந்தை வாங்கி உள்ளே அனுப்புகிற ஆளே இல்லாமல் போய்விட்டது. வாசலில் குவிந்து கிடக்கிற கொழுந்து சூடேறித் தானாக வெந்து கெட்டுப்போகுமே, அப்படி இரத்தத்தில் சீனி குவிந்து கிடந்திருக்கிறது. உள்ளே இயந்திரம் பசியோடு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் அவர் அவ்வளவு சாப்பிட்டும் இளைத்தார். உள்ளங்கைச் சீனியை நக்கி ஒருவன் சாகிறதில்லை என்று ஐயாவே சொன்னார். கொழுந்தை வாங்குகிற அந்த ஆள் ஏன் வேலையை விட்டுப் போனான் என்பது பெரிய டாக்டர்களுக்கும் முழுவதும் தெரியாதாம். ராமாயி சொன்னதை இத்தனை நாள் நெஞ்சில் முள்ளாக வைத்திருந்தேன். கோப்பையில் நாலு கரண்டி போட்டுக் கலக்கிக் குடிக்கிறவர்களைவிட உன் அப்பா குறைவாகத்தான் சீனி தின்றிருக்கிறார். நாக்கில் பட்டால் போதும் என்று குடித்த மனிதர் அவர். அவர் சாப்பிட்ட இனிப்புக்கு அவரைக் குற்றம் சொல்லாதே. உன்னையும் குற்றம் சொல்லிக்கொள்ளாதே.

அதற்காக நாளை முதல் சீனி மூட்டைக்குள் தலையை விடு என்று சொல்லவில்லை. நான் கற்றுக்கொண்டதைக் கேள். கலியாணமாகிக் குடும்பம் நடத்தும்போது உதவும். வெறும் வயிற்றில் சீனித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு ஓடாதே. நான் இருபது வயதில் அப்படித்தான் ஓடினேன். மலை ஏறும்போது கால் பறக்கும், கூடை பாதி நிரம்புவதற்குள் கை நடுங்கும், கண் இருட்டும். இன்னும் கொஞ்சம் சீனி போட்டுக் குடித்திருக்கலாமோ என்று நினைப்பேன். வேகமாக ஏறினது வேகமாக இறங்கிவிட்டது, அவ்வளவுதான். முதலில் ஒரு ரொட்டியைச் சம்பலோடு தின்றுவிட்டு, அதற்குப் பிறகு தேத்தண்ணி குடித்தால் மத்தியானம்வரை தாங்கும். சோற்றோடு பருப்பும் கீரையும் இருந்தால் இன்னும் தாங்கும். பழத்தில் சீனி இருக்கிறது என்று பயப்படாதே. கொய்யாவில் இருக்கிற இனிப்பு சக்கையோடு சேர்ந்துதான் வயிற்றுக்குள் போகிறது, அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடமுடியாது. தேன் சாமி கொடுத்தது, கருப்பட்டி மரம் கொடுத்தது, அதனால் எவ்வளவும் தின்னலாம் என்று உன் மாமா மாதிரிப் பேசாதே. உடம்புக்கு அவையும் சீனிதான். இனிப்பை வீட்டில் வைத்துக்கொள், விருந்தாளி மாதிரி. வீட்டுக்காரன் ஆக்கிவிடாதே.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, ஒரு தீபாவளிக்கு அஞ்சலை வீட்டில் சுட்ட பணியாரத்தை எண்ணெய் வடிவதற்கு முன்னாலேயே திருடித் தின்றாய். அதற்கு மேலே பாணியையும் ஊற்றிக்கொண்டாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டபோது உன் அப்பா, “இவன் வயித்துல ஒரு கித்துள் மரமே மொளைச்சிரும்” என்று சிரித்தார். மறுநாள் நீ பந்து விளையாடப் போய்விட்டாய். அவ்வளவு இனிப்பையும் உன் உடம்பு வாங்கி, எரித்து, ஓட்டமாகவும் கத்தலாகவும் ஆக்கிவிட்டது. அந்த உடம்புதான் இது. மூட்டை தூக்குகிற உடம்பைக் கையளவு சோற்றில் நிறுத்தினால் கண் இருட்டாமல் என்ன செய்யும்? வியாதியால் நீ இளைக்கிறாய் என்று நீ நினைக்கிறாய். பட்டினியால் இளைக்கிறாய் என்று நான் சொல்கிறேன். காதர் நானா சொன்னதைக் கேட்டு மருந்தையாவும் அதையேதான் சொன்னார். “ஆளைச் சாப்பிடச் சொல்லுங்கோ, பிறகு மாப்பிள்ளைக்கு உடுப்புத் தைக்கலாம்” என்றார்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தச் சிவப்பு பொய் என்பதுதான் நிச்சயம். உனக்கு வியாதியே இல்லை என்று இங்கே இருந்துகொண்டு யாரும் சத்தியம் பண்ண முடியாது. திரும்பப் பார்த்தால்தான் தெரியும் என்று ஐயா சொன்னார். ஆனால் அப்பாவுக்கு இருந்த தாகம் உனக்கு இல்லை, அவர் மாதிரி அடிக்கடி எழுந்து வெளியே போகிறதில்லை, கையில் வெட்டுப்பட்டது ஆறிவிட்டது என்று காதர் நானாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐயா முகம் மலர்ந்து தலையாட்டினார். நல்ல சாப்பாடு சாப்பிட்டு இரண்டு மூன்று நாள் போகட்டும், பிறகு கொழும்பு ஆஸ்பத்திரியில் காட்டட்டும், கொதித்த தண்ணீரில் கழுவிய வெள்ளைப் போத்தலில் கொண்டுபோகட்டும் என்று சீட்டும் எழுதித் தந்திருக்கிறார். இப்போது மேல்கணக்கு, கீழ்க்கணக்கு எல்லா லயத்திலும் இதே பேச்சுத்தான். நேற்று மருந்துக் காம்பரா வாசலில் ஆளுக்கொரு போத்தலோடு நின்றார்கள். “எனக்கும் நீலமா செவப்பான்னு பாத்துச் சொல்லுங்கய்யா” என்று ராமாயியும் நின்றாள். நானும் காட்டினேன். நீலம்.

இன்னொன்று. திரும்பி வரும் வழியில் அண்ணன், “எல்லாம் சரி ஆயி, ஒருவேள மறுபடியும் செவந்துச்சுன்னா?” என்று அஞ்சலையிடம் மெதுவாகக் கேட்டார். பாவம், பெண்ணைப் பெற்றவர். அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரி செய்துகொண்டே, “செவந்தா ஊசி இருக்கு, மருந்து இருக்குன்னு ஐயா சொன்னாருல்லப்பா. ஒரு கோப்பத் தேத்தண்ணியச் சீனி இல்லாம ஊத்திக் குடுக்க எனக்குத் தெரியாதா? அந்த ஆளு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஓடியிருக்கலாம்ல?” என்றாள். சொல்லிவிட்டு எங்களை முந்திக்கொண்டு நடந்தாள். நான் அவளை இவ்வளவு நாள் அண்ணன் மகள் என்றுதான் பார்த்தேன். அன்றைக்கு அந்த ஒற்றையடிப் பாதையில் என் வீட்டுக்கு ஒரு ஆள் நடந்து போவதைப் பார்த்தேன். நீ ஓடினது அவளுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று தனியாக முடிவு எடுக்காதே. அவளிடம் கேள். உன் அப்பாவும் கால் புண்ணை எனக்குத் தெரியாமல் துணியைச் சுற்றி மறைத்து வைத்திருந்தார். நான் பயந்துவிடுவேனாம். பயந்திருப்பேன்தான். பயந்துகொண்டே கூட்டிப் போயிருப்பேன்.

இந்தக் கடிதத்தைக் காதர் நானா இன்றைக்கு லொறியில் கொண்டுவருகிறார். நீ படித்துவிட்டு யோசிப்பாய், ரோசப்படுவாய், “யாரும் வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒரு பதில் எழுதலாம் என்று பேனாவைத் தேடுவாய். உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா? நாளைக் காலை ரயிலில் அண்ணன், அஞ்சலை, நான் மூன்று பேரும் ஏறுகிறோம். கண்டாக்கையாவிடம் லீவு சொல்லியாகிவிட்டது, கட்டுச்சோறுக்குப் புளி கரைத்தாகிவிட்டது. அஞ்சலை சேலையை மடித்து வைத்துக்கொண்டு மறுபடியும் பிரிக்கிறாள், மறுபடியும் மடிக்கிறாள். நாங்கள் எல்லோரும் உன்னைத் தேடிக் கொழும்புத் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது, வர வேண்டாம் என்று நீ எழுதுகிற கடிதத்தை இந்தப் பூட்டின காம்பராவில் யாரப்பா வாங்கிப் படிப்பார்கள்?